அடித்தல் திருத்தலும் கணக்கில் உண்டு

மல்லேஸ்வரத்து மாடியறை ஒன்றிலிருந்து, மென்பொருள் எழுதுவோரின் கருவிகளையும் பணிவாழ்வையும் பற்றிச் சில எண்ணங்கள்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் பொழுது பூக்கடைகளோடு விடிகிறது. எட்டாவது கிராஸ் தெருவில் மலர் விற்போர் சரங்களை முழம் போட்டு அளக்கத் தொடங்கும் வேளையில், சம்பிகே சாலையை ஒட்டிய சிற்றுண்டிக் கடைகளில் 'பை-டூ' காப்பி கேட்கும் குரல்கள் எழுகின்றன. ஒரு காப்பியை இரு குவளைகளில் பங்கிட்டுப் பருகும் வழக்கம் இந்நகரத்தாருக்கு மிகவும் உகந்தது. 1898-ஆம் ஆண்டில் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசல் மிகுந்த பழைய நகரிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடத்தில் குடியமர்த்தும் பொருட்டு அமைக்கப்பட்ட பகுதி இது. காடு மல்லேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்றது.

இப்பகுதியின் மாடியறை ஒன்றில் அமர்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதி வருகிறோம் நாங்கள் நால்வர். உறவினர்களும் நண்பர்களும் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த நிரல்மொழி சிறந்தது? இரவெல்லாம் ஏன் விழித்திருக்கிறீர்கள்? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா? இம்மூன்றிற்கும் எங்கள் பட்டறிவிலிருந்து விடை கூற முயல்கிறோம். விடைகள் மூன்றும் இறுதியில் பழைய வங்கிப் பேரேட்டில் வந்து சேர்வது வாசகர்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம்.

பேரேடு கற்பித்த பாடம்

எங்களுள் மூத்தவரின் தந்தை கும்பகோணத்தில் வங்கி எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அறிக்கை அளிப்பதற்கு முன்னரே பணியில் சேர்ந்தவர். அவர் காலத்தில் பேரேட்டில் பிழை நேர்ந்தால் அதை அழிப்பானால் அழித்தல் கூடாது, சுரண்டுதலும் கூடாது. தவறான எண்ணின் மீது ஒரே ஒரு கோடு இழுத்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். பழைய எண்ணும் படிக்கத்தக்கதாக இருந்தாக வேண்டும். யார் எழுதினார், யார் திருத்தினார் என்பது பத்தாண்டுகள் கழித்துத் தணிக்கைக்கு வருபவருக்கும் தெரிய வேண்டும்.

ஒருவர் எழுதுவதை மற்றொருவர் சரிபார்ப்பது இரண்டாம் விதி. மாலையில் வரவும் பற்றும் ஒத்து வராமல் எவரும் வீடு செல்லலாகாது என்பது மூன்றாம் விதி. வித்தியாசம் சில பைசாக்களாக இருந்தாலும் தேடியே ஆகவேண்டும். அதற்கும் அவரிடம் ஓர் உத்தி இருந்தது. வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதமின்றி வகுபடுமானால், எங்கேனும் இரு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக் கூடும் என ஐயுற வேண்டும். 58 என்பது 85 ஆகிவிட்டால் வித்தியாசம் 27. அது ஒன்பதின் மடங்கு. இவ்வுத்தியைக் கொண்டு பக்கங்களைப் புரட்டினால் பிழை விரைவில் அகப்படும். மென்பொருளில் பிழை தேடும் கலையின் அடிப்படையும் இதுவே: பிழை விட்டுச்செல்லும் தடயத்திலிருந்து பிழையின் தன்மையை ஊகித்தல்.

இம்மூன்று விதிகளும் இன்று எங்கள் தொழிலின் முதன்மையான கருவிகளாக வேறு பெயர்களில் வாழ்கின்றன.

எதையும் மறவாத ஏடு

நிரலாளர்கள் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் 'கிட்' என்பதை முதலிடத்தில் வைக்க விரும்புகிறோம். லினக்ஸ் இயங்குதளத்தைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள லினக்ஸ் பங்களிப்பாளர்கள் அதுவரை கட்டணமின்றிப் பயன்படுத்திவந்த வேறொரு மென்பொருளுக்கான இசைவு நிறுத்தப்பட்டதே அதற்குக் காரணம்.

கிட் செய்யும் பணி எளிது. நிரலில் ஒரு மாற்றம் செய்து பதிவு செய்யும்போது, மாற்றியவர் பெயர், நாள், நேரம், மாற்றத்திற்கான காரணம், இதற்கு முந்தைய பதிவு எது என்னும் குறிப்பு ஆகியவை சேர்த்து வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்துப் பெறப்பட்ட அடையாள எண் உண்டு. பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அவ்வெண் மாறும். அதனைத் தொடரும் எண்கள் யாவும் மாறும். ஆகவே எவரும் அறியாமல் பழைய வரலாற்றைத் திருத்துதல் அரிது. பேரேட்டின் சுருக்கொப்பத்தை இதைவிடச் செவ்வையாக வேறெந்தக் கருவியும் கணினிக்குக் கொணர்ந்ததாக நாங்கள் அறியோம்.

இரண்டாம் விதியான சரிபார்ப்பும் எங்களிடம் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் அளித்த பின்னரே அது வாடிக்கையாளரின் கணினிக்குச் செல்லும். மூன்றாம் விதியான நாளிறுதிச் சரிக்கட்டலுக்கு ஈடாகத் தன்னியக்கச் சோதனைகள் உள்ளன. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும், விடை தெரிந்த கணக்குகளை மென்பொருளிடம் கொடுத்து, அதே விடை வருகிறதா எனப் பார்க்கிறோம். ஒரு விடை பிசகினாலும் மாற்றம் வாயிலிலேயே நிறுத்தப்படும்.

எந்த மொழி, எந்தக் கருவி?

நிரலாளர் இருவர் கூடினால் மூன்று கருத்துகள் பிறக்கும் என்பது எங்கள் வட்டத்தில் வழங்கும் வேடிக்கை. நிரல் எழுதும் செயலி எது என்பதிலேயே பல்லாண்டுப் பிணக்கு நிலவுகிறது. பில் ஜாய் 1976-இல் எழுதிய 'வி' ஒரு பக்கம். அதே காலத்தில் தோன்றிய 'ஈமாக்ஸ்' மறுபக்கம். எங்களுள் ஒருவர், பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட 'விம்' செயலியையே இன்றும் கையாள்கிறார். தம் மென்பொருளுக்கு விலை கேளாது, அதைப் பயன்படுத்துவோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டவர் மூலெனார். 2023-இல் அவர் மறைந்தபோது எங்கள் நண்பர் அந்த நற்பணிக்குச் சிறு தொகை அனுப்பினார். இளையவர்கள் இருவரும் 2015-இல் வெளிவந்த 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' செயலியை விரும்புகின்றனர். எவருடைய விருப்பத்திலும் மற்றவர் தலையிடுவதில்லை. அரிவாள்மனையில் நறுக்கினாலும் கத்தியில் நறுக்கினாலும் குழம்பின் சுவை மாறுவதில்லை என்பது எங்கள் துணிபு.

மொழிகளைப் பற்றியும் ஏறத்தாழ இதையே கூறுவோம். கருவியினும் முக்கியம், எழுதுமுன் சிந்திக்கும் பழக்கம். இதனை எண்ணும்போது எங்களுக்கு நினைவு வருவது, மல்லேஸ்வரத்தை அடுத்தே அமைந்துள்ள இந்திய அறிவியல் கழகமும் அங்கு 1982-இல் பணியேற்ற பேராசிரியர் வி. ராஜாராமனும் ஆவர். 1933-இல் ஈரோட்டில் பிறந்த அவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963-இல் ஐபிஎம் 1620 கணினி நிறுவப்பட்ட காலத்தில் அங்கே ஆசிரியராக இருந்தவர். இந்தியாவில் கணினியியலை ஒரு கல்வித்துறையாக நிலைநிறுத்திய முன்னோடி. இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி அவரிடம் பயின்றவர். ராஜாராமனின் பாடநூல்கள் மாணவர் வாங்கத்தக்க விலையில் வெளிவந்து, நாடெங்கும் பல தலைமுறையினருக்கு நிரலெழுதக் கற்பித்தன.

அக்காலத்தில் நிரல் துளையட்டைகளில் பதியப்பட்டது. அட்டை ஒன்றுக்கு எண்பது எழுத்துகள். அட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே மாணவர்கள் முதலில் நிரலைத் தாளில் எழுதி, தாங்களே கணினியாக நின்று ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்தனர். இன்று விடை நொடியில் வந்துவிடுகிறது. எனினும் பணம் தொடர்பான எதையும் முதலில் தாளில் ஓட்டிப் பார்ப்பது என்னும் வழக்கத்தை நாங்கள் கைவிடவில்லை.

பத்துப் பைசாவின் கதை

தாளில் ஓட்டிப் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று. பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் வழக்கமான தசம எண்களாகக் கூட்டினால், 0.3 என்னும் விடைக்குப் பதிலாக 0.30000000000000004 வரும். இது கணினியின் பழுதன்று. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என முடிவின்றி எழுத நேர்வது போலவே, பத்தில் ஒரு பங்கை இரும எண்களில் முடிவின்றித்தான் எழுத இயலும். கணினி ஓரிடத்தில் அதை வெட்டி நிறுத்துகிறது. ஆகவே பணக்கணக்கில் ரூபாயைப் புள்ளியுடன் வைக்காமல், முழுவதையும் பைசாக்களாக, முழு எண்களாக வைப்பது நல்ல நிரலாளரின் முதற்பாடம்.

இத்தகைய சிறு வெட்டு எத்துணை பெரிதாகும் என்பதை கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை கண்டது. அதன் குறியீட்டெண் 1982 ஜனவரியில் 1000 என்னும் அளவில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் புதிய மதிப்பைக் கணித்தபோது, மூன்று தசம இலக்கங்களுக்கு அப்பாற்பட்டதை முழுதாக்காமல் வெட்டிவிட்டனர். நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இது நிகழ்ந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் ஏறத்தாழ 524 எனக் காட்டியது. உண்மையில் அது 1098-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஏறுமுகமாக இருந்த சந்தையை, பாதியாகச் சரிந்த சந்தையாகக் காட்டியது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய பிழை!

நம் நாட்டில் 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் மீது வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன், மாதத்தின் பத்தாம் நாளுக்கும் இறுதி நாளுக்கும் இடையிலான குறைந்தபட்ச இருப்பே கணக்கில் கொள்ளப்பட்டது. கையால் எழுதிய பேரேட்டில் இலட்சக்கணக்கான கணக்குகளுக்கு நாள்தோறும் வட்டி காண்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. வாடிக்கையாளருக்குக் கிடைத்த இந்நன்மை கணினியால் வந்தது. ஆயினும் நன்மை பெருகுந்தோறும், ஒரு வரிப் பிழை தீண்டக்கூடிய கணக்குகளின் எண்ணிக்கையும் பெருகுகிறது என்பதை எங்கள் தொழிலில் இருப்போர் மறத்தல் ஆகாது.

நாங்கள் தவறிய இரவு

மறந்த ஓர் இரவு எங்களுக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலாண்டின் இறுதி நாள். கடன் சங்கம் ஒன்றின் உறுப்பினர் கணக்குகளில் வட்டியை வரவு வைக்கும் பணி. எங்களுள் இளையவர் அன்று காலை ஒன்பது மணிக்கு அமர்ந்தவர். இரவு பதினொன்றரைக்கும் எழவில்லை. நிரலை இயக்கிய சிறிது நேரத்தில் இணையத் தொடர்பு அறுந்தது. பணி நடந்ததா இல்லையா எனத் திரை சொல்லவில்லை. நடக்கவில்லை எனக் கருதி அவர் மீண்டும் இயக்கினார். உண்மையில் முதல் முறையே முழுவதும் முடிந்திருந்தது. அனைவருக்கும் வட்டி இருமுறை வரவாயிற்று.

காலையில் சங்கத்தின் செயலர் தொலைபேசியில் அழைத்த பின்னரே அறிந்தோம். அதற்குள் சிலர் பணம் எடுத்துவிட்டனர். கூடுதல் தொகையை எடுத்தவர்களுள் ஒரு முதியவர், தம் பேரனின் கல்விக் கட்டணத்தை அன்று காலையே கட்டியிருந்தார். அவர்மீது தவறேதும் இல்லை. பாஸ்புக் காட்டிய இருப்பை நம்பினார். அவரிடம் தொகையைத் திரும்பக் கேட்கும் சங்கடம் சங்கத்துக்கு நேராதிருக்க, அவர் திருப்பிச் செலுத்தும் வரை அத்தொகையை நாங்களே ஈடு செய்தோம். பிற கணக்குகளில் எதிர்ப்பதிவு இட்டுத் திருத்தினோம். எந்தப் பதிவையும் அழிக்கவில்லை. இருமுறை வரவு வந்ததும் பின்னர் கழிக்கப்பட்டதும் இன்றும் அவ்வேடுகளில் காணக் கிடைக்கின்றன.

அன்று மாலை இளையவர் விலகல் கடிதத்தோடு வந்தார். மூத்தவர் அதை வாங்க மறுத்து, "பதினான்கு மணி நேரமாக உட்கார்ந்திருந்தவரைத் தனியே விட்டுச் சென்றவர்கள் நாங்கள், தம்பி. இருமுறை அழுத்தினால் இருமுறை நடக்கும்படி அந்த நிரலை எழுதியவன் நான். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவர் இவர். யார் யார் கடிதம் எழுதுவது?" என்றார்.

அந்நிகழ்வுக்குப் பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, ஒவ்வொரு பணிக்கும் தனி அடையாள எண் தருதல். அதே எண் மறுமுறை வந்தால், 'இது முன்னரே முடிந்தது' எனக் கூறி மென்பொருள் நின்றுவிடும். இரண்டாவது, மாலை ஆறு மணிக்குப் பின்னும் வெள்ளிக்கிழமைகளிலும் வாடிக்கையாளரின் கணினியில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்னும் விதி. காலாண்டு வட்டி போன்று இரவில் நடந்தே தீரவேண்டிய பணியானால், அதற்கென்று பிற்பகலில் வரும் இருவர் சேர்ந்தே அமர்வர். முதல் மாற்றத்தை அனைவரும் பாராட்டினர். இரண்டாவதால் ஒரு வாடிக்கையாளரை இழந்தோம். இரவோடு இரவாகப் பணி முடிக்கும் வேறொருவரை அவர் நாடிச் சென்றார். அவ்வாண்டு வருவாய் குறைந்தது. அறை வாடகைக்கே இடர்ப்பட்டோம். ஆயினும் விதியை மாற்றவில்லை.

எத்தனை மணி நேரம்?

இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி கூறிய கருத்து நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. நாட்டின் முன்னேற்றத்தை எண்ணி அவர் கூறினார் என்பதில் ஐயமில்லை. அவர் தலைமுறையினரின் உழைப்பால் உருவான தொழிலில்தான் நாங்களும் பிழைக்கிறோம். எனினும் எங்கள் சிறிய பட்டறிவு வேறொன்றைக் கூறுகிறது. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வரம்பு வகுத்தது. அவ்வரம்பு உழைப்பவரைக் காப்பதற்காக எழுந்தது. எங்கள் தொழிலில் அது வாடிக்கையாளரையும் காக்கிறது. களைத்த கை எழுதிய வரியைத் திருத்த, மறுநாள் களைப்பற்ற கைகள் இரண்டு தேவைப்படுகின்றன.

ஆட்களைக் கூட்டினால் நேரம் குறையுமே எனச் சிலர் கேட்பர். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு விடை கூறியுள்ளார். தாமதமான மென்பொருள் பணியில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவருக்குக் கற்பிக்கவும், ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போகவும் உள்ள நேரமும் செலவாகிவிடும்.

அவசரத்தின் விலைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனம். பங்கு வணிகத்தில் முன்னணியில் இருந்த அந்நிறுவனம் புதிய மென்பொருளை எட்டுச் சேவையகங்களில் நிறுவியபோது ஒன்று விடுபட்டுப்போயிற்று. நிறுவியதை இரண்டாமவர் எவரும் சரிபார்க்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், விடுபட்ட சேவையகத்தில் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளைத் தன்போக்கில் வாங்கி விற்றது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேலான இழப்பு. கும்பகோணத்து எழுத்தரின் இரண்டாம் விதி அங்கே இருந்திருந்தால் அந்நாள் வேறு விதமாக முடிந்திருக்கும்.

இயந்திரம் எழுதும் நிரல்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நாங்களும் பயன்படுத்துகிறோம். அறியாத நூலகமொன்றின் பயன்பாட்டை விளக்கவும், சலிப்பூட்டும் சோதனைகளை எழுதவும் அவை பெரிதும் துணை நிற்கின்றன. ஆனால் விரைவு என்னும் உணர்வு வேறு, விரைவு வேறு. 'மீட்டர்' எனும் அமெரிக்க ஆய்வமைப்பு 2025-இல், தேர்ந்த நிரலாளர் 16 பேரைக் கொண்டு, அவர்களுக்கு நன்கு பழகிய திட்டங்களிலேயே ஓர் ஆய்வு நடத்தியது. இக்கருவிகளால் தங்கள் பணி 20 விழுக்காடு விரைவுபட்டதாக அவர்கள் எண்ணினர். அளந்து பார்த்தபோது 19 விழுக்காடு தாமதமாகியிருந்தது. கருவிகள் ஆண்டுதோறும் மேம்படுகின்றன, இவ்வெண்களும் மாறலாம். ஆயினும் தன் வேகத்தைத் தானே மதிப்பிடுவதில் மனிதர் எவ்வளவு தவறக்கூடும் என்னும் பாடம் நிற்கும்.

இயந்திரம் தந்த நிரலுக்கும் எங்கள் அறையில் அதே மூன்று விதிகள்தாம். யார் ஏற்றார் என்பது பதியப்பட வேண்டும். மற்றொருவர் படிக்க வேண்டும். கணக்கு ஒத்துவர வேண்டும். இயந்திரத்தால் சுருக்கொப்பம் இட இயலாது. பொறுப்பேற்கும் பெயர் ஒரு மனிதரின் பெயராகவே இருத்தல் வேண்டும். அப்பொறுப்பு உள்ளவரை எங்களுக்கு வேலையும் உண்டு என நம்புகிறோம்.

வாடிக்கையாளர் அறிய வேண்டுவன

இவ்வளவும் மென்பொருள் எழுதுவோரின் கதை. வங்கி வாடிக்கையாளருக்கும் இதில் பயன் உண்டு. யுபிஐ மூலம் பணம் அனுப்பும்போது திரை நின்றுவிட்டால், நாங்கள் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். உடனே மறுமுறை அனுப்பாதீர்கள். நீங்கள் புதிதாக அனுப்புவதை வங்கியின் கணினி புதிய பணியாகவே கருதும். முதலில் பரிமாற்ற வரலாற்றையும் கணக்கு இருப்பையும் பாருங்கள். பரிமாற்றக் குறிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். பேரேட்டில் உங்கள் வரியைக் கண்டறிய உதவும் முகவரி அதுவே.

தோல்வியுற்ற பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கால வரம்பு வகுத்துள்ளது. ஒருவருக்கு யுபிஐ வழி அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து அவரைச் சேராவிடில், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். ஏ.டி.எம்.-இல் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கணக்கில் எதிர்பாராத தொகை வரவானாலும் செலவிடுமுன் வங்கியைக் கேளுங்கள். எங்கேனும் ஒரு நிரலாளர் இருமுறை அழுத்தியிருக்கக் கூடும்.

சென்ற ஆண்டு மூத்தவரின் தந்தை எங்கள் அறைக்கு வந்திருந்தார். திரையில் கிட் காட்டிய பதிவு வரிசையை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பெயர், நாள், காரணம், மீண்டும் பெயர், நாள், காரணம். ஓரிடத்தில் விரல் வைத்து, "இந்தத் திருத்தம் யாருடையது, தம்பி? இரவு ஒன்பதரை எனப் போட்டிருக்கிறதே" என்று இளையவரிடம் கேட்டார். "என்னுடையதுதான், ஐயா. அந்த விதிக்கு முந்தைய நாள்களில் செய்தது" என்றார் அவர். பெரியவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றார்.

ஆறு மணி ஆனதும் திரைகளை அணைத்துவிட்டு எல்லோரும் காப்பி அருந்தப் புறப்பட்டோம்.